மெதுவாக வந்த நீர்

குழாயில் நீர் மெதுவாக வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உங்கள் பாடப் புத்தகத்தில் இருக்கிறது. நிறுத்து. படம் எடு. முனை எங்கே இருக்கிறது என்று பார். அதற்குப் பிறகுதான் மருந்து. எனக்கும் இது தெரியும். பல வருடம் மாணவர்களுக்குக் கரும்பலகையில் எழுதிப் போட்டுச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். தெரிந்திருந்தும் ஒரு குழந்தைக்கு நான் அதைச் செய்யவில்லை. குழந்தைகள் புற்றுநோய் வார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் சொல்ல எத்தனையோ இருக்கிறது. இதைச் சொல்லாமல் மற்றதைச் சொன்னால் நான் ஏதோ பெரிய ஆள் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

அந்தக் குழாயைப் பற்றிப் பெற்றோரிடம் நான் எப்போதும் சொல்வதையே இங்கும் சொல்கிறேன். மூளைக்கு நடுவில் நீர் நிறைந்த அறைகள் இருக்கின்றன. உச்சந்தலைத் தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு குமிழைப் பதித்து, அதிலிருந்து மெல்லிய குழாய் ஒன்றை அந்த அறைக்குள் இறக்கிவிடுவோம். பிறகு ஒவ்வொரு தடவையும் முதுகில் குத்த வேண்டியதில்லை. குமிழில் மெல்லிய ஊசியைப் போட்டு, கொஞ்சம் நீரை எடுத்து, அதே அளவு மருந்தை உள்ளே விடலாம். குழந்தைக்கு வலி குறைவு. மருந்து போக வேண்டிய இடத்துக்கு நேராகப் போகும்.

இந்தக் குழாயால் வரக்கூடிய தொல்லைகளில் நான் அதிகம் பயந்தது கிருமித் தொற்றுக்குத்தான். பொழிச்சலூரிலிருந்து வந்த ஒரு பையனுக்குச் சாயங்காலம் ஜுரம் என்று வந்தது. மறுநாள் மதியத்துக்குள் குழாயை வெளியே எடுக்க வைத்தேன். இன்னும் ஒரு நாள் பார்க்கலாமே என்று எல்லோரும் சொன்னார்கள், நான் கேட்கவில்லை. அந்தப் பையன் பிழைத்தான். அதிலிருந்து இந்தக் குழாயின் சேட்டைகள் எல்லாம் எனக்கு அத்துப்படி என்று ஒரு நினைப்பு எனக்குள் உட்கார்ந்துவிட்டது. மற்றவர்களும் அப்படித்தான் பேசினார்கள்.

மோனிஷாவுக்கு அப்போது நான்கு வயது. கோவளத்துக்கு இந்தப் பக்கம் ஒரு குப்பம் அவர்கள் ஊர். அப்பா குமார் கடலுக்குப் போகிறவர். அம்மா லதா மீன் விற்பவர். பின்னந்தலையில் இருந்த கட்டியை அறுவை சிகிச்சையில் எடுத்தாகிவிட்டது. குழாயும் வைத்தாகிவிட்டது. வைத்த மறுநாள் எடுத்த படத்தில் முனை சரியான இடத்தில்தான் இருந்தது. வைத்த அறுவை மருத்துவர் மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்று பின்னால் புரியும்.

தீபாவளிக்கு முந்தைய வாரம். தொடர்ந்து மூன்று நாள் குழாய் வழியாக மருந்து. முதல் நாள் நீர் சற்று மெதுவாக வந்தது. இரண்டாம் நாள் இன்னும் கொஞ்சம் மெதுவாக. மூன்றாம் நாள் வார்டில் பதினோரு குழந்தைகள், அத்தனை பேருக்கும் வீட்டுக்குப் போக வேண்டும். விழுப்புரம், திண்டிவனம் பக்கத்துக்காரர்கள் பெருங்களத்தூரில் பஸ் பிடிக்க வேண்டும். மத்தியானம் தாண்டினால் ஜிஎஸ்டி ரோடு நகராது என்று எல்லோருக்கும் தெரியும். கதவோரம் பெற்றோர் நின்றுகொண்டு, "மேடம், எப்ப விடுவீங்க? மேடம், எங்க டிஸ்சார்ஜ் சீட்டு ரெடியா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள்.

மோனிஷாவின் தலையைப் பிடித்துக்கொண்டிருந்தவர் வார்டு சிஸ்டர் ஒருவர். என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது சின்னவர். அதிகம் பேசமாட்டார். அவர் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டதால் எழுதவில்லை. ஊசியைப் போட்டேன். ஒரு சொட்டு வந்தது. நின்றது. இன்னொரு சொட்டு.

"டாக்டர், நேத்தைவிட மெதுவா வருது."

"அழறா இல்ல சிஸ்டர், ஆடிக்கிட்டே இருக்கா. அதான்."

அவர் தாழ்ந்த குரலில், "அழுதா வேகமாதானே வரணும், டாக்டர்?" என்றார்.

சரியான கேள்வி. அழும்போது தலைக்குள் அழுத்தம் கூடும். நீர் விரைந்துதான் வர வேண்டும். இதை நான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டியவள். அவர் எனக்குச் சொன்னார். நான் குழந்தையின் தலையைக் கொஞ்சம் திருப்பினேன், இன்னும் சில சொட்டு வந்தது. "வருது பாருங்க" என்றேன். மருந்தை ஏற்றினேன். தடையில்லாமல் உள்ளே போனது. அதையே எனக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொண்டேன். அடுத்த குழந்தையைக் கூப்பிடச் சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து லதா குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"டாக்டரம்மா, கொயந்த எடது கைல இன்னாத்த குட்த்தாலும் கீய போட்டுடுது. தீபாவளிக்கு மத்தாப்பெல்லாம் நல்லாதான் புட்ச்சிகினு இருந்துச்சு. அப்பாலதான் இப்டி."

என் பேனாவை அவள் இடது கையில் வைத்தேன். விரல்கள் மூடப் பார்த்தன, மூடவில்லை. பேனா தரையில் விழுந்தது. தான் ஏதோ தப்புச் செய்துவிட்டதாக நினைத்து மோனிஷா அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

படம் எடுத்தோம். மூளையின் வலது முன்பக்கத்தில், நெல்லிக்காய் அளவுக்கு ஒரு வெள்ளைத் திட்டு, சுற்றிலும் வீக்கம். டாக்டர்கள் கூட்டத்தில் ஐந்து பேர் உட்கார்ந்து பார்த்தோம். படம் படிக்கும் மருத்துவர், நோய் திரும்பிவிட்டது போலத் தெரிகிறது என்றார். இந்த வகைக் கட்டி நீர் வழியாகப் பரவும் என்று நம் எல்லோருக்கும் தெரியும். குழாயை ஒட்டி முளைத்திருக்கலாம் என்றார்கள். அறுவை மருத்துவரும் தலையை ஆட்டினார்.

அந்தத் திட்டு குழாயைச் சுற்றியே இருக்கிறதே என்று எனக்கு ஒரு கணம் தோன்றியது. பொய் சொல்லவில்லை, தோன்றியது. அந்த நினைப்பை நான் தொடரவில்லை. ஏன் தொடரவில்லை என்று பிறகு பல நாள் என்னையே கேட்டுப் பார்த்தேன். நோய் திரும்பியது என்றால் அதில் எனக்குப் பங்கில்லை. வருத்தப்படலாம், பெற்றோரின் கையைப் பிடித்து ஆறுதல் சொல்லலாம். குழாய்தான் காரணம் என்றால் அதில் நான் இருக்கிறேன். மனசு எது சுலபமோ அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. சாய்ந்தது அப்போது எனக்குத் தெரியவும் இல்லை. கெட்ட எண்ணத்தோடு ஒருவர் இப்படிச் செய்வதைவிட, தெரியாமல் செய்வதுதான் நம் தொழிலில் அதிகம் நடக்கிறது.

குமாரையும் லதாவையும் அறைக்குள் உட்கார வைத்துச் சொன்னேன். "கட்டி திரும்ப வந்திருக்கிற மாதிரி இருக்கு."

லதா அழவில்லை. "கை சரியாவுமா?" என்று மட்டும் கேட்டார். நான் ஏதோ சொன்னேன். கேள்விக்கு அது பதில் இல்லை. குமார் எழுந்து நின்றார்.

"ரெண்டு நாளு வூட்டுக்கு இட்டுகினு போறோம், டாக்டர். கடல பாக்கணும்னு கேட்டுகினே கீது."

வீக்கம் குறைய மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினேன்.

மறுநாள் காலை அந்த சிஸ்டர் விடுப்பு முடிந்து வந்தார். செய்தி வார்டில் அவர் காதில் விழுந்திருக்கிறது. பத்து மணி வாக்கில் என் அறை வாசலில் வந்து நின்றார். கையில் மோனிஷாவின் பழைய கேஸ் ஷீட்.

"டாக்டர், ஒரு நிமிஷம். தப்பா நினைக்காதீங்க. நான் எழுதினத யாராவது படிச்சீங்களா?"

மூன்று தேதிகள். மூன்றிலும் அவருடைய சிறிய, சாய்ந்த கையெழுத்து. 'நீர் மெதுவாக வந்தது.' 'நேற்றைவிட மெதுவாக வந்தது.' மூன்றாவதில், 'மிகவும் மெதுவாக வந்தது, டாக்டரிடம் சொல்லப்பட்டது.' நான் அந்த மூன்று நாளும் அதே தாளில், அதற்கு இரண்டு வரி கீழே, மருந்து கொடுக்கப்பட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தேன்.

முதலில் எனக்கு வந்தது கோபம். என் மேல் குற்றம் சொல்லக் காகிதத்தோடு வந்திருக்கிறாரே என்ற கோபம். அவர் முகத்தைப் பார்த்தேன். பயந்துபோயிருந்தார். இதைக் கொண்டுவர அவருக்கு எவ்வளவு தைரியம் வேண்டியிருந்திருக்கும் என்று அப்போதுதான் உறைத்தது. உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்கு ஒண்ணும் தெரியாது டாக்டர். அந்த மருந்து உள்ள போகாம எங்கயாவது வெளிய நின்னிருந்தா இப்படி ஆகுமா?"

ஆகும். கட்டியை எடுத்த பிறகு தலைக்குள் இருந்த அழுத்தம் குறைந்திருக்கிறது, நீர் அறைகள் மெல்லச் சுருங்கியிருக்கின்றன. குழாய் அங்கேயே இருக்க, அதன் துளைகள் அறைக்கு வெளியே, மூளைச் சதைக்குள் வந்துவிட்டன. நீரில் கரைந்து போக வேண்டிய மருந்து அந்த ஒரே இடத்தில் தேங்கிச் சதையைச் சுட்டிருக்கிறது. படத்தில் அது கட்டி போலவே தெரியும். அறுவை மருத்துவருக்கு போன் செய்து இதைச் சொன்னேன்.

"குமிழ்ல டை விட்டுப் படம் எடுத்துடலாம். அது எங்க போகுதுன்னு தெரிஞ்சிடும்" என்றார். பிறகு, "அதுக்கு முன்னாடி அவங்ககிட்ட எதுவும் சொல்லாதீங்க. நாம நினைக்கிறது இல்லேன்னு ஆயிட்டா ரெண்டாவது தடவை உடைஞ்சு போவாங்க" என்றார்.

சரி என்றேன். இப்போதும் அது சரி என்றுதான் நினைக்கிறேன், முழுத் தெளிவு இல்லை. லதாவுக்கு போன் செய்தபோது பின்னால் காற்றும் அலையும் கேட்டன.

"இன்னொரு டெஸ்ட் பாக்கணும் லதா."

"இன்னும் இன்னா டெஸ்ட்டு? அதான் சொல்ட்டீங்களே."

"எனக்கு ஒரு சந்தேகம் இருக்கு. வாங்க, பாத்துட்டுச் சொல்றேன்."

"காத்தால வர்றோம்" என்றார்.

மறுநாள் காலை குமிழில் டை, அதாவது படத்தில் தெரியும் சாயம், விட்டோம். அறைக்குள் பரவ வேண்டிய டை குழாயின் ஓரமாகவே ஒழுகி, அந்த வெள்ளைத் திட்டுக்குள் போய் நின்றது. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிம்மதியும் அவமானமும் ஒன்றாக வந்தால் உடம்பு என்ன செய்வது என்று தெரியாமல் நிற்கும். நான் அப்படித்தான் நின்றேன். முதுகிலிருந்து எடுத்த நீரிலும் கட்டியின் செல்கள் இல்லை, கிருமியும் இல்லை. குழாயை அன்றே எடுத்துவிடுவது என்று முடிவானது.

பெற்றோரிடம் என்ன சொல்வது என்று நிர்வாகத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். நல்ல மனிதர்தான். "மருந்தோட பக்க விளைவுன்னு சொல்லுங்க மேடம். அது உண்மைதானே?" என்றார். உண்மைதான். ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருக்கிற ஒரு வாக்கியத்தால் ஒரு விஷயத்தை முழுக்க மறைத்துவிட முடியும். நீங்களும் ஒரு நாள் அந்த வாக்கியத்தின் முன்னால் நிற்பீர்கள். அது பார்க்கக் கண்ணியமாக இருக்கும். யாரும் உங்களைத் தடுக்கமாட்டார்கள்.

அதே அறையில் அதே இருவரையும் உட்கார வைத்தேன். சிஸ்டரையும் உள்ளே வரச் சொன்னேன்.

"முந்தாநாள் நான் சொன்னது அநேகமா தப்பு. கட்டி திரும்பி வரல. குழாயோட முனை நீர் அறைக்கு வெளிய வந்து, மருந்து தப்பான இடத்துல போயிருக்கு. அதுலதான் புண்ணாகி கை போயிருக்கு. நீர் சரியா வரலன்னு அன்னிக்கே இந்த சிஸ்டர் சொன்னாங்க. நான் நிறுத்தியிருக்கணும். நிறுத்தல. முழுசா உறுதியா சொல்ல இன்னும் ரெண்டு மாசம் கழிச்சு ஒரு படம் எடுக்கணும்."

லதா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ கட்டி வர்ல?"

"வந்த மாதிரி தெரியல."

"கட்டி வர்லியா?" குமாரின் தோளைப் பிடித்து உலுக்கினார். "யோவ், கட்டி வர்லயாம்யா!" என்று சிரித்தார். அழுதார். என் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திட்டு வாங்கத் தயாராகப் போயிருந்தேன். கும்பிடு வாங்கி வந்தேன். வெளியே வந்து முகம் கழுவிக்கொண்டேன். குமார் அந்த அறையில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பதை அப்புறம்தான் நினைத்துப் பார்த்தேன்.

அவர் அடுத்த நாள் தனியாக வந்தார். குழாயை எடுத்தாகிவிட்டது, மோனிஷா தூங்கிக்கொண்டிருந்தாள். உட்காரச் சொன்னேன், உட்கார்ந்தார். குரலை உயர்த்தவே இல்லை.

"நேத்து லதா சந்தோசத்துல இருந்தா, அதான் நான் ஒண்ணும் கேக்கல. இன்னிக்கி கேக்கறேன். அந்த சிஸ்டரு சொல்லிச்சில்ல? சொன்னப்போ நீ ஏன் நிறுத்தல?"

என்னை அவர் அதுவரை நீங்கள் என்றுதான் பேசியிருக்கிறார்.

"அவசரத்துல இருந்தேன். எனக்குத் தெரியும்னு நினைச்சேன்."

"கை போனது ஒண்ணு. இந்த ரெண்டு நாளு? பெரிய பொண்ணு கீது, ஒம்போது வயசு. தங்கச்சி இனிமே ரொம்ப நாளு இருக்காதுன்னு அதுங்கிட்ட சொல்ட்டோம். கூட வெச்சிகினு வெளாடுன்னு சொன்னோம். அது ரெண்டு நாளா சோறு துன்னல. இப்ப போயி இன்னான்னு சொல்றது? டாக்டரம்மா தப்பா சொல்ட்டாங்கன்னா? அது நம்புமா?"

மன்னிச்சிடுங்க என்றேன். அந்தப் பெரிய பெண்ணை அழைத்து வந்தால் நானே சொல்கிறேன் என்றேன். சற்று யோசித்து, "இட்டார்றேன்" என்றார்.

இரண்டு நாள் கழித்து அழைத்து வந்தார். என் வாழ்நாளில் எத்தனையோ பெற்றோரிடம் எத்தனையோ கஷ்டமான செய்திகள் சொல்லியிருக்கிறேன். அந்த ஒன்பது வயதுக் குழந்தையிடம் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னதுதான் கடினமாக இருந்தது. அவள் நம்பவில்லை. பக்கத்தில் நின்ற சிஸ்டரைப் பார்த்து, "நெஜமாவா?" என்றாள். சிஸ்டர் "நெஜமா" என்றதும் நம்பினாள்.

அந்த மாதக் கூட்டத்தில் எல்லாவற்றையும் எழுந்து சொன்னேன். நீர் மெதுவாக வருகிறது என்று பக்கத்தில் இருக்கும் சிஸ்டர் சொன்னால் அன்று ஊசி கிடையாது, அதை மாற்ற எந்த டாக்டருக்கும் அதிகாரமில்லை என்று ஒரு விதி போட்டோம். சிலர் முணுமுணுத்தார்கள். விதி வந்த இரண்டாவது மாதத்திலேயே அதே சிஸ்டர் என்னை நிறுத்தினார். படம் எடுத்துப் பார்த்தால் குழாய் சரியாகத்தான் இருந்தது. ஒரு நாள் வீண் என்று யாரோ சொன்னார்கள். அந்த ஒரு நாளைப் பற்றி எனக்கு எந்த வருத்தமும் இல்லை. நிறுத்தியவரின் சந்தேகம் தவறாகப் போனாலும் அவருக்கு நன்றி சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடுத்த முறை சரியாக இருக்கும்போது வாயைத் திறக்கமாட்டார்.

இரண்டு மாதம் கழித்து எடுத்த படத்தில் வீக்கம் பாதியாகக் குறைந்திருந்தது. ஆறாவது மாதம் ஒரு மெல்லிய தழும்புதான் மிஞ்சியது. மீதி மருந்துகளை ரத்தக்குழாய் வழியாகக் கொடுத்தோம், பிறகு கதிர்வீச்சு. நோய் திரும்பவில்லை. இடது கை தோள் வரை தூக்குகிறாள், பிடிக்கிறாள். விரல்களுக்கு நுணுக்கமான வேலை வராது. ஜடை பின்ன அக்கா வேண்டும்.

நான் ஓய்வு பெற்ற வருடம் மோனிஷா வருடாந்திரப் பரிசோதனைக்கு வந்தாள். பத்தாம் வகுப்பு. கணக்கு மட்டும் தலையில் ஏறவில்லை என்றாள். கதிர்வீச்சின் மிச்சம் அது என்பதையும் சொல்ல வேண்டியிருந்தது. லதா வெளியே பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார், உள்ளே வரவில்லை.

"என் கை ஏன் இப்டி ஆச்சுன்னு அம்மாகிட்ட கேட்டேன். உங்களயே கேக்க சொல்லிச்சு."

சொன்னேன். தீபாவளி அவசரம், மெதுவாக வந்த நீர், சிஸ்டர் கேட்ட கேள்வி, நான் சொன்ன பதில், எல்லாம். குறுக்கே பேசாமல் கேட்டாள். கோபப்பட்டாளா என்று எனக்குத் தெரியவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைகளின் முகத்தில் அவ்வளவு சீக்கிரம் எதையும் படிக்க முடியாது.

"இந்த ட்யூப இன்னும் பசங்களுக்கு வெக்கிறீங்களா?"

"வெக்கிறோம். நிறைய பேருக்கு அது நல்லது பண்ணுது."

"அப்போ வெக்கிறவங்களுக்கு எல்லாம் என் விசயம் தெரியுமா?"

"அப்ப இங்க இருந்தவங்களுக்குத் தெரியும்."

"அப்பால வந்தவங்களுக்கு?"

சொல்கிறேன் என்றேன்.